பெருமுதலீட்டு, சிறுமுதலீட்டுத் திரைப்படத் தயாரிப்பு நிறுவனங்கள்

திரைப்படத் தயாரிப்பு நிறுவனம் என்பது ஒரு படத்திற்கான கதையைத் தேர்ந்தெடுத்து, பணம் திரட்டி, கலைஞர்களையும் தொழில்நுட்பப் பணியாளர்களையும் அமர்த்தி, படத்தை முடித்து, வெளியீட்டிற்கு உரியவர்களிடம் ஒப்படைக்கும் வணிக அமைப்பு ஆகும். செலவிடும் தொகையைக் கொண்டு இவற்றைப் பெருமுதலீட்டு நிறுவனங்கள் என்றும் சிறுமுதலீட்டு நிறுவனங்கள் என்றும் பிரிப்பது வழக்கம். பேச்சு வழக்கில் இவை "பெரிய பட்ஜெட் கம்பெனி", "சின்ன பட்ஜெட் கம்பெனி" எனப்படுகின்றன. இவ்விரு வகைகளுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு தொகையில் மட்டும் இல்லை. போட்ட பணம் எப்போது திரும்பி வருகிறது, படம் தோற்றால் இழப்பு யாரைச் சேர்கிறது என்பவற்றிலேயே அது அடங்கியுள்ளது. தமிழ்த் திரைப்படத் துறையை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

வரைவிலக்கணம்

எந்தத் தொகைக்கு மேல் பெருமுதலீடு என்பதற்கு நிலையான வரையறை இல்லை. பண மதிப்பும் சந்தையின் அளவும் மாறும்போது எல்லையும் மாறுகிறது. 1948 ஆம் ஆண்டில் 30 இலட்சம் ரூபாய் என்பது இந்தியாவே வியந்த தொகை. இன்று அத்தொகையில் ஒரு முழுநீளப் படத்தை முடிப்பதே கடினம். எனவே பின்வரும் பண்புகளைக் கொண்டு வகைப்படுத்துவது பொருத்தமாகும்.

* படம் வெளிவரும் முன்பே அதன் உரிமைகளை விற்க முடிகிறதா
* செலவில் பெரும்பங்கு நடிகரின் ஊதியத்துக்குச் செல்கிறதா, தயாரிப்புப் பணிகளுக்குச் செல்கிறதா
* ஒரு படம் தோற்றாலும் அடுத்த படத்தை எடுக்கும் வலிமை நிறுவனத்துக்கு உண்டா

வரலாறு

ஜெமினியும் மாடர்ன் தியேட்டர்சும்

தமிழ்ப் பேசும்படத்தின் தொடக்கக் காலத்தில் தயாரிப்பு நிறுவனமும் படப்பிடிப்பு வளாகமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. அக்காலத்தின் இரு வேறு வழிமுறைகளுக்குச் சென்னை ஜெமினி ஸ்டூடியோவும் சேலம் மாடர்ன் தியேட்டர்சும் நல்ல எடுத்துக்காட்டுகள்.

ஆனந்த விகடன் இதழின் உரிமையாளரான எஸ். எஸ். வாசன் 1940களின் தொடக்கத்தில் ஜெமினி ஸ்டூடியோவை நிறுவினார். இவர் தயாரித்து இயக்கிய சந்திரலேகா 1948 ஏப்ரலில் வெளியானது. சுமார் ஐந்து ஆண்டுகள் தயாரிப்பிலிருந்த இப்படத்துக்கு ஏறத்தாழ 30 இலட்சம் ரூபாய் செலவானதாகக் கூறப்படுகிறது. படத்தை முடிக்க வாசன் தம் சொத்துகளை ஈடுவைத்ததாகவும் பதிவுகள் உள்ளன. தமிழ்ச் சந்தை மட்டும் அந்தச் செலவை ஈடுகட்டப் போதவில்லை. எனவே அதே ஆண்டு டிசம்பரில் மாற்றங்களுடன் இந்தி வடிவம் வெளியிடப்பட்டு, நாடு முழுவதும் பெரும் விளம்பரத்துடன் திரையிடப்பட்டது. செலவு ஒரு மொழியின் சந்தையைத் தாண்டும்போது படமும் மொழி எல்லையைத் தாண்டியே ஆக வேண்டும் என்ற பெருமுதலீட்டு விதி அப்போதே வெளிப்பட்டது.

மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் 1935 இல் டி. ஆர். சுந்தரத்தால் தொடங்கப்பட்டது. நெசவுத் தொழில் குடும்பத்தைச் சேர்ந்த இவர் இங்கிலாந்தின் லீட்சு நகரில் அத்தொழில்நுட்பம் பயின்றவர். சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் அமைந்திருந்த இவரது வளாகம் ஒரு தொழிற்சாலையைப் போலவே நடத்தப்பட்டது. எழுத்தாளர்களும் நடிகர்களும் மாதச் சம்பளத்தில் பணியாற்றினர். கால ஒழுங்கு கண்டிப்புடன் பின்பற்றப்பட்டது. ஒரு படத்தில் எல்லாவற்றையும் முதலிடுவதற்கு மாறாக, பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றின் இழப்பை மற்றொன்றின் வரவால் ஈடுசெய்வது இந்நிறுவனத்தின் வழிமுறை. இவ்வாறு பல மொழிகளில் 100க்கும் மேற்பட்ட படங்கள் இங்கு உருவாயின. மலையாளத்தின் முதல் பேசும்படமான பாலன் (1938), மு. கருணாநிதி உரையாடல் எழுதிய மந்திரி குமாரி (1950), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான அலிபாபாவும் 40 திருடர்களும் (1956) ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. சிக்கனம் என்பது புதுமைக்கு எதிரானதன்று என்பதற்கு இப்பட்டியலே சான்றாகும்.

இவ்விரு நிறுவனங்களும் நிறுவனர்களின் காலத்துக்குப் பின் நெடுநாள் நிலைக்கவில்லை. சுந்தரம் 1963 இலும் வாசன் 1969 இலும் காலமாயினர். சுந்தரத்தின் மகன் இராமசுந்தரம் 1960களில் ஜெய்சங்கர் நடித்த துப்பறியும் படங்கள் வழியாக நிறுவனத்தை நடத்தினார். எனினும் 1980களின் தொடக்கத்தில் தயாரிப்பு நின்றது. இன்று அவ்விடத்தில் நுழைவாயில் வளைவே நினைவுச்சின்னமாக எஞ்சியுள்ளது.

வளாகத்துக்கு வெளியே

1950களிலிருந்து நடிகர்களின் ஊதியம் உயர்ந்தது. சொந்த வளாகம் இல்லாத தயாரிப்பாளர்கள் பெருகினர். சாண்டோ எம். எம். ஏ. சின்னப்பா தேவரின் தேவர் பிலிம்ஸ், தாய்க்குப் பின் தாரம் (1956) தொடங்கி ம. கோ. இராமச்சந்திரன் நடித்த 16 படங்களைத் தயாரித்தது. முன்னணி நடிகர் இருந்தும் படப்பிடிப்பை விரைந்து முடிப்பதே இந்நிறுவனத்தின் வலிமையாக இருந்தது.

சிறுமுதலீட்டு முயற்சிகளுக்குத் திருப்புமுனையாக அமைந்தது பாரதிராஜாவின் 16 வயதினிலே (1977). ஸ்ரீ அம்மன் கிரியேசன்சு சார்பில் எஸ். ஏ. ராஜ்கண்ணு தயாரித்த இப்படம், அரங்க அமைப்புகளைத் தவிர்த்து, கர்நாடகத்தின் மைசூர், கொள்ளேகால் பகுதிகளில் வெளிப்புறத்தில் படமாக்கப்பட்டது. முடிந்த படத்தை வாங்க விநியோகத்தர்கள் முன்வராததால் ராஜ்கண்ணு தாமே வெளியிட நேர்ந்தது. படம் பெருவெற்றி பெற்றது. சிறிய நிறுவனத்துக்குப் படம் எடுப்பதைவிட அதை அரங்குக்குக் கொண்டு சேர்ப்பதே கடினம் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

செலவு அமைப்பு

பெருமுதலீட்டுப் படங்களில் முன்னணி நடிகர், இயக்குநர், இசையமைப்பாளர் ஆகியோரின் ஊதியமே செலவின் பெரும்பகுதியாக அமைவதுண்டு. அடுத்து அரங்க அமைப்பு, கணினி வரைகலை, வெளிநாட்டுப் படப்பிடிப்பு, விளம்பரம் ஆகியவை வருகின்றன. சிறுமுதலீட்டுப் படங்களில் அன்றாடச் செலவுகளான உணவு, போக்குவரத்து, கருவிகளின் வாடகை, பணியாளர் படி ஆகியவையே முதன்மையானவை. ஆகவே பெரிய நிறுவனத்தின் செலவு ஒப்பந்தத்தில் தீர்மானமாகிறது; சிறிய நிறுவனத்தின் செலவு படப்பிடிப்பு நாட்களின் எண்ணிக்கையில் தீர்மானமாகிறது. மழையால் இரண்டு நாள் பணி நின்றால் பெரிய படத்தின் கணக்கில் அது சிறு விழுக்காடு. முப்பது நாளில் முடிய வேண்டிய சிறிய படத்துக்கோ அது பெருஞ்சுமை.

படச்சுருள் காலத்தில் மூலப்பொருளே ஒரு தடையாக இருந்தது. 35 மி. மீ. சுருளில் ஒரு நிமிடத்துக்கு 90 அடி தேவை. இரண்டரை மணி நேரப் படத்தின் நீளம் 13,500 அடி. திரையில் வருவதைப்போல் ஐந்து மடங்கு படம்பிடித்தால் 67,500 அடிச் சுருள் வாங்க வேண்டும். எனவே சிறிய நிறுவனங்கள் ஒத்திகைகளை மிகுத்து, மறுபதிவுகளைக் குறைத்தன. 2005 இல் வெளியான மும்பை எக்ஸ்பிரஸ் போன்ற படங்கள் எண்ணிமப் படக்கருவியைப் பயன்படுத்தின. அடுத்த பத்தாண்டுகளுக்குள் சுருள் ஏறக்குறைய மறைந்தது. இதனால் தயாரிப்புச் செலவு குறைந்து படங்களின் எண்ணிக்கை பெருகியது. ஆனால் அரங்குகள் அந்த அளவுக்குப் பெருகவில்லை.

முதலீடும் இடரும்

பெருமுதலீட்டு நிறுவனம் வெளியீட்டுக்கு முன்பே பணத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றுவிடுகிறது. விநியோகப் பகுதி உரிமை, வெளிநாட்டு உரிமை, பிறமொழி உரிமை, தொலைக்காட்சி உரிமை, இசை உரிமை, இணைய ஓடை உரிமை என்பவை தனித்தனியே விற்கப்படுகின்றன. விநியோகத்தில் மூன்று முறைகள் வழக்கில் உள்ளன.

* அவுட்ரைட்: உரிமை முழுவதும் ஒரு தொகைக்கு விற்கப்படும். இழப்பும் ஆதாயமும் வாங்கியவரைச் சேரும்.
* மினிமம் கேரண்டி: குறைந்த அளவுத் தொகை உறுதி செய்யப்படும். அதற்குமேல் வரும் வசூல் ஒப்பந்தப்படி பகிரப்படும்.
* விநியோக முறை: விநியோகத்தர் தரகு மட்டும் பெறுவார். இழப்பு தயாரிப்பாளரைச் சேரும்.

முன்னணி நடிகரின் படங்கள் முதல் இரு முறைகளில் விற்பனையாகின்றன. சிறிய படங்களுக்குப் பெரும்பாலும் மூன்றாவது முறையே கிடைக்கிறது. இதன்படி, பெரிய படம் தோல்வியுற்றால் இழப்பு விநியோகத்தர், திரையரங்கு உரிமையாளர் எனப் பலரிடம் பிரிகிறது. சிறிய படத்தின் இழப்பு ஒரே குடும்பத்தின் வீடு, நிலம், நகை ஆகியவற்றின் மீது விழுகிறது.

வங்கிக் கடன் எளிதில் கிடைக்காததால் இத்துறை தனியார் நிதியாளர்களை நம்பியுள்ளது. கடனுக்குப் படத்தின் மூலப்பிரதி உரிமையே ஈடு. கடன் தீர்ந்ததற்கான ஒப்புதல் இல்லாமல் படம் வெளியாவதில்லை. வெளியீட்டுக்கு முந்தைய இரவில் படங்கள் தடைப்படுவதற்கு இதுவே பொதுவான காரணம். எடுத்துக்காட்டாக, ஒரு கோடி ரூபாய் மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கப்பட்டதாகக் கொள்வோம். மாத வட்டி 3 இலட்சம். வெளியீட்டு நாள் கிடைக்காமல் முடிந்த படம் எட்டு மாதம் காத்திருந்தால் 24 இலட்சம் கூடுகிறது. படத்தின் தரம் மாறாமலேயே அதன் செலவு ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு உயர்ந்துவிடுகிறது.

பெரிய நிறுவனங்களுக்கும் இடர் இல்லாமல் இல்லை. எந்திரன் படத்தின் முதல் தயாரிப்பாளர்கள் 2008 ஆம் ஆண்டின் உலக நிதி நெருக்கடியின்போது விலகினர். சன் பிக்சர்ஸ் அதனை ஏற்று முடித்து 2010 அக்டோபரில் வெளியிட்டது. கமல்ஹாசனின் ராஜ்கமல் பிலிம்ஸ் தயாரித்த விஸ்வரூபம் 2013 இல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டபோது, தம் சொத்துகள் ஈட்டில் இருப்பதாக அவர் வெளிப்படையாகக் கூறினார். நடிகரே தயாரிப்பாளராகும்போது பெருமுதலீட்டுப் படமும் தனிமனித இடராக மாறுகிறது.

வெளியீடு

தமிழில் ஆண்டுதோறும் 200க்கும் மேற்பட்ட படங்கள் வெளிவருகின்றன. பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, தீபாவளி போன்ற விடுமுறை நாட்களில் பெரிய படங்கள் பெரும்பாலான திரைகளைப் பிடித்துக்கொள்கின்றன. சிறிய படத்துக்கு நண்பகல் காட்சியொன்று மட்டும் கிடைப்பதுண்டு. வெள்ளி முதல் ஞாயிறு வரை கூட்டம் சேராவிடில் திங்களன்று அக்காட்சியும் மாற்றப்படும். வாய்மொழியாகப் பெயர் பரவ இரண்டாம் வாரம் தேவைப்படும் படத்துக்கு அந்த வாரமே கிடைப்பதில்லை.

பாலா இயக்கிய சேது (1999) பல முன்னோட்டக் காட்சிகளுக்குப் பிறகும் வாங்குவோர் இன்றிக் கிடந்து, குறைந்த அரங்குகளில் வெளியாகி, பார்த்தவர்களின் பரிந்துரையால் வெற்றி பெற்றது. அத்தகைய பொறுமைக்கு இன்றைய அரங்குகளில் இடம் குறைவு.

எண்ணிமத் திரையிடலுக்கான கட்டணத்தை எதிர்த்துத் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் 2018 மார்ச்சு முதல் ஏப்ரல் வரை புதுப்பட வெளியீட்டை நிறுத்தியது. அதன்பின் வெளியீட்டு நாட்களை ஒழுங்குபடுத்தவும் முயன்றது. ஆயினும் அவ்வாண்டு டிசம்பர் 21 அன்று மாரி 2, அடங்க மறு, சிலுக்குவார்பட்டி சிங்கம், கனா ஆகியவற்றுடன் கன்னடப் படமான கேஜிஎஃப் படத்தின் தமிழ் வடிவமும் ஒரே நாளில் வெளியாயின. அவற்றுள் கனா, பெரிய முதலீடு இல்லாமலேயே நல்ல வரவேற்பைப் பெற்றது.

எல்லைப்புறச் சந்தை: சூளகிரி, ஓசூர்

திரைப்பட வணிகத்தில் தமிழ்நாடு பல விநியோகப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலையில் அமைந்த சூளகிரி, சேலம் விநியோகப் பகுதியைச் சார்ந்தது. மாடர்ன் தியேட்டர்சின் சிறப்பான காலத்தில் இவ்வூர் சேலம் மாவட்டத்திலேயே இருந்தது. 1965 இல் தர்மபுரி மாவட்டமும் 2004 இல் கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிக்கப்பட்டன. ஆட்சி எல்லைகள் மாறியபோதும் திரைப்பட வணிகத்தின் எல்லை மாறவில்லை.

இப்பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றும் பேசப்படுகின்றன. ஓசூரிலிருந்து பெங்களூர் சுமார் 40 கி. மீ. தொலைவில் உள்ளது. எனவே இங்குள்ள ஒரு திரைக்காக மும்மொழிப் படங்களும் போட்டியிடுகின்றன. பல மொழிகளில் ஒரே நாளில் வெளியாகும் பெருமுதலீட்டுப் படத்துக்கு இது ஏற்ற சந்தை. 2023 இல் ஜெயிலர், லியோ ஆகிய படங்களின் முதற்காட்சி தமிழ்நாட்டில் காலை 9 மணிக்கே தொடங்கியது. கர்நாடகத்தில் அதற்கு முன்பே காட்சிகள் நடைபெற்றதால் எல்லைதாண்டிச் சென்று பார்த்தோரும் உண்டு. சிறுமுதலீட்டுத் தமிழ்ப் படத்துக்கு இந்த ஆதாயம் இல்லை. தமிழ்ப் பார்வையாளரில் ஒரு பகுதியினரை மட்டுமே நம்பும் அது, மும்மொழிப் போட்டியில் தன் காட்சியை இழக்கிறது.

ஓசூர், சூளகிரி வட்டாரத்தின் தொழில் அமைப்பு இவ்வேறுபாட்டைப் புரிந்துகொள்ள உதவும். இங்கு 1970களிலிருந்து சிப்காட் வளாகத்தில் பெரிய வாகனத் தொழிற்சாலைகளும், அவற்றுக்கு உதிரிப் பாகங்கள் செய்து தரும் சிறு பட்டறைகளும் வளர்ந்தன. சிறு பட்டறைக்குப் பெரிய தொழிற்சாலை வாங்குவோராக அமைகிறது. திரைத்துறையிலோ சிறிய நிறுவனம் பெரிய நிறுவனத்துக்கு எதையும் விற்பதில்லை. அதே திரைக்காக அதனுடன் போட்டியிடுகிறது.

இரு வழிகளையும் இணைத்தவை

சில நிறுவனங்களும் தனியாட்களும் இரு முறைகளையும் இணைத்துச் செயல்பட்டுள்ளனர்.

* இயக்குநர் ஷங்கர் தம் எஸ் பிக்சர்ஸ் வழியாகக் காதல் (2004), வெயில் (2006) போன்ற சிக்கனமான படங்களைத் தயாரித்தார். அதே காலத்தில் அவர் இயக்கிய சிவாஜி (2007) ஏவிஎம் நிறுவனத்தின் பெருமுதலீட்டுப் படமாகும்.
* எம். சசிகுமார் சுப்பிரமணியபுரம் (2008) படத்தைத் தாமே தயாரித்து இயக்கினார். அதன் வெற்றிக்குப் பின் அவரது கம்பெனி புரொடக்சன்சு பசங்க (2009) படத்தைத் தயாரித்தது.
* சி. வி. குமாரின் திருக்குமரன் என்டர்டெயின்மென்ட் அட்டகத்தி (2012), பீட்சா (2012), சூது கவ்வும் (2013) ஆகியவற்றைத் தயாரித்தது. அட்டகத்தியை ஸ்டூடியோ கிரீன் வெளியிட்டது. தயாரிப்பைச் சிறிய நிறுவனமும் வெளியீட்டைப் பெரிய நிறுவனமும் மேற்கொண்டமை இதன் சிறப்பாகும்.
* கர்நாடகத்தின் ஹொம்பாளே பிலிம்ஸ் கேஜிஎஃப் (2018) போன்ற பெரும் படத்தையும், சுமார் 16 கோடி ரூபாயில் காந்தாரா (2022) படத்தையும் தயாரித்தது. காந்தாரா 2022 செப்டம்பர் 30 அன்று கன்னடத்தில் மட்டும் வெளியானது. வரவேற்பைக் கண்ட பின்னரே தமிழ் உள்ளிட்ட மொழிகளுக்குச் சென்றது. அதே நாளில் வெளியான மணிரத்னத்தின் பொன்னியின் செல்வன் முதல் பாகம் தொடக்கத்திலேயே பல மொழிகளில் திரையிடப்பட்டது.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம், ஹெவன்ஸ் கேட் (1980) என்ற ஒரே படத்தின் மிகைச்செலவாலும் தோல்வியாலும் நிலைகுலைந்து மறு ஆண்டில் விற்கப்பட்டது. மறுபுறம், சுமார் 15,000 டாலர் செலவில் எடுக்கப்பட்ட பாராநார்மல் ஆக்டிவிட்டி உலகெங்கும் 19 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அதனுடன் தொடர்புடைய புளும்ஹவுஸ் நிறுவனம் கலைஞர்களுக்குக் குறைந்த முன்தொகையும் ஆதாயத்தில் பங்கும் தரும் முறையைப் பின்பற்றுகிறது. ஆனால் அப்படத்தையும் உலகெங்கும் கொண்டு சென்றது பாரமவுண்ட் என்ற பெரிய நிறுவனமே.

அரசின் பங்கு

குறைந்த முதலீட்டில் எடுக்கப்படும் தரமான படங்களுக்குத் தமிழ்நாடு அரசு மானியம் வழங்கி வந்துள்ளது. 2006 இல் தமிழில் பெயர் சூட்டப்பட்ட படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு அளிக்கப்பட்டது. இவ்விலக்கு பெரிய படம், சிறிய படம் என வேறுபாடு பார்க்கவில்லை. 2017 சூலை முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரியும் நுழைவுச்சீட்டின் விலையையே அளவாகக் கொள்கிறது. படத்தின் முதலீட்டைக் கருதுவதில்லை.

இணைய ஓடைக்குப் பின்

கொரோனா ஊரடங்கின்போது 2டி என்டர்டெயின்மென்ட் தயாரித்த பொன்மகள் வந்தாள் 2020 மே மாதம் நேரடியாக இணையத்தில் வெளியானது. அரங்கு கிடைக்காத சிறிய படங்களுக்கு இது புதுவழியாகும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. அரங்குகள் திறந்தபின் இணைய நிறுவனங்கள் பெரும்பாலும் முன்னணி நடிகர்களின் படங்களையே முன்கூட்டி வாங்கின. சிறிய படங்களுக்கு அரங்க வரவேற்பைப் பார்த்து விலை பேசும் போக்கு வளர்ந்தது. 2021 இல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் புலி விருது பெற்று, ஆசுக்கார் விருதுக்கு இந்தியாவின் பரிந்துரையாகவும் அனுப்பப்பட்ட கூழாங்கல், 2023 அக்டோபரில்தான் இணையத்தில் வெளியானது.

ஒப்பீட்டுச் சுருக்கம்

* பணம் திரும்பும் காலம்: பெருமுதலீட்டில் ஒரு பகுதி வெளியீட்டுக்கு முன், சிறுமுதலீட்டில் பெரும்பாலும் வெளியீட்டுக்குப் பின்.
* செலவைத் தீர்மானிப்பது: முன்னதில் நடிகர், தொழில்நுட்பம்; பின்னதில் படப்பிடிப்பு நாட்கள், வட்டி.
* சந்தை: முன்னதில் பல மொழிகள், பல நாடுகள், பின்னதில் ஒரு மொழி, சில நூறு காட்சிகள்.
* இழப்பு: முன்னதில் பலரிடம் பிரியும், பின்னதில் ஒருவரிடம் தங்கும்.
* கதைச் சுதந்திரம்: முன்னதில் நடிகரின் பிம்பத்துக்கு உட்பட்டது, பின்னதில் ஒப்பீட்டளவில் மிகுதி.
* தொடர்ச்சி: முன்னது ஒரு தோல்வியைத் தாங்கலாம், பின்னது முதல் தோல்வியிலேயே மூடப்படலாம்.

இவற்றுள் கடைசிக் கூறு துறையின் எதிர்காலத்தோடு தொடர்புடையது. பாரதிராஜா, பாலா, பா. ரஞ்சித், கார்த்திக் சுப்புராஜ் போன்ற இயக்குநர்கள் சிறுமுதலீட்டுப் படங்கள் வழியாகவே அறிமுகமாயினர். பின்னர் பெரிய நிறுவனங்கள் அவர்களைப் பயன்படுத்திக்கொண்டன. புதியவரைச் சோதித்துப் பார்க்கும் இடரை ஏற்பது சிறிய தயாரிப்பாளர். அதன் பயனைப் பெறுவது துறை முழுவதும். அந்தத் தயாரிப்பாளரின் இரண்டாவது படத்துக்கு வழியிருப்பதைப் பொறுத்தே இந்தச் சுழற்சி தொடர்கிறது.